பின்னால் பாடியவர்

குடி இல்லை, சீட்டு இல்லை, ஒரு சிகரெட்கூட இல்லை என்று தன் மூத்த மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெட்போனை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பார்.

மாப்பிள்ளைக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உள்ளறை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று பகல் முழுக்கக் கேட்பதுதான் அவர் தொழில். தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி சொல்கிறவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. எழுத்துப் பலகையின் அடி வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கென்றே அலமாரிக்குப் பின்னால் வேறொரு எழுத்துப் பலகையை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தால் அதே பரிசோதனையைத் தன் காதுக்கு நடத்துவார். ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் முக்காலி, முக்காலி மேல் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாரென்றால் மனுஷர் இந்த உலகத்தில் இல்லை. கேட்டு முடித்ததும் தன்னைப் போன்ற காதுப் பைத்தியங்கள் நாற்பது ஐம்பது பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் எழுதுவார். அவருடைய ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகை. அதில் பாட்டுக்கு அடியில் ஒரு கதகதப்பு ஓடுகிறது, மழை நாளில் போர்வைக்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது, அந்தக் கதகதப்பு வேறு எந்தக் கம்பெனிக்கும் கைவராது என்று அவர் எழுதியதைக் குழுவில் பலர் எடுத்துக்காட்டிப் பேசுவார்கள்.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட வந்தவர் சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். குளியலறைக் குழாய் வியாபாரம், அதே வாட்ஸ்அப் குழுவிலும் ஓர் ஆள். கண்ணாடிக்காரர் எதை வாங்கினாலும் சில மாதம் பொறுத்து, அதைவிட ஒரு படி மேலாக வாங்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார். இந்த முறை அவர் வாங்கியது திறந்த வகை ஹெட்போன். காதுக்கு வெளிப்பக்கம் மூடி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி வலை இருக்கும். பாட்டு உள்ளே அடைபடாமல் காற்றாட வரும் என்பது அதன் சிறப்பு. வியாபார விஷயமாக வெளியூர் போகும் முன் சகலை அதைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எது உசத்தி என்று மனசாட்சிப்படி சொல்லுங்கள் என்றார். வெளிச்சத்தம் உள்ளே வரும், அறை அமைதியாக இருக்கவேண்டும் என்றும் எச்சரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் அன்றே கதவைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். அறையில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு தனக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டார். ஒரு பாடகி, ஒரு வயலின், பின்னால் மெல்லிய தாளம், அவ்வளவுதான்.

முதல் ஏமாற்றம், அந்தக் கதகதப்பைக் காணோம். மனதுக்குள் சந்தோஷத்தோடு அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் பாடகி நிதானமாக இழுக்கும் இடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். ஒரு ஆண். வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே கூடப் பாடுகிறார். இத்தனை வருஷம் கேட்ட பதிவில் இப்படி ஒருவர் ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஓட்டத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டார். அதே இடத்தில் ஆள் வந்துவிட்டார். வயலின் வேகமெடுத்ததும் அடக்கமாக ஒதுங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் ஹெட்போனுக்குச் செய்யும் துரோகம் என்று தெரிந்தும் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மனைவியிடம் போய், அது அந்த வயலின்காரராகத்தான் இருக்கும், வாசிக்கும்போது தன்னை மறந்து பாடியிருக்கிறார், வயசானவர், நல்ல ஞானஸ்தர் என்றார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். உதட்டை ஏன் கடித்துக்கொண்டாள் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்தது சகலைக்குப் போன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் ஒரு கனைப்பு. பிறகு சகலை சொன்னார், "உங்களுக்கும் கேட்டுச்சா? எனக்கு முதல் நாளே கேட்டுச்சு. நீங்களாக் கண்டுபிடிக்கட்டும்னுதான் வாயைத் திறக்கல."

மூன்றாவதாகக் குழுவில் எழுதினார். பதிவின் பெயர், எந்த இடத்தில் குரல் வருகிறது, பாடகிக்கு எத்தனை அடி பின்னால் அந்த மனிதர் நிற்கிறார் என்பதெல்லாம் விவரமாக. சாப்பிட்டு எழுவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் தனக்கும் கேட்கிறது என்றார். இன்னொருவர், கேட்கிறது, ஆனால் இடது பக்கம் ஒதுங்கி என்றார். வெள்ளிக் கம்பி வயர் போட்டால்தான் முழுசாகக் கேட்கும், செம்பு வயரில் பாதிதான் என்றார் மூன்றாமவர். கண்ணாடிக்காரர் அன்று புதிய கண்டத்தைக் கண்டுபிடித்தவரைப் போல வீட்டுக்குள் நடமாடினார்.

ஊர் திரும்பிய சகலை ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சாப்பிட வந்தார். சாப்பாடு முடிந்ததும் கூடத்திலேயே பரிசோதனை. அக்காவும் தங்கையும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மகள் ஒரு மூலையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். முதலில் சகலையின் முறை. அவர் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எதிரில் உட்கார்ந்த கண்ணாடிக்காரருக்கும் கம்பி வலை வழியாகப் பாட்டு லேசாகக் கசிந்து கேட்டது. நிதானமான இடம் வந்தது, போனது. சகலை அசையவில்லை. வயலின் தறிகெட்டு ஓடும் இடத்தில் திடீரென்று விரலைத் தூக்கினார்.

"இதோ, வந்துட்டார் பாருங்க."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. எழுத்துப் பலகையை மாற்றிய பிறகும் பழைய அடி வரிசையை ஒப்பிக்கிற ஆட்களின் முகம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஆனாலும் சகலையாயிற்றே, வெடுக்கென்று சொல்ல முடியுமா? அந்த இடமில்லை, நான் காட்டுகிறேன் என்று பதவிசாகச் சொல்லி ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். பதிவைப் பின்னால் தள்ளினார். நிதானமான இடம் வந்ததும் ஆள்காட்டி விரலை உயர்த்தி, கண்ணை மூடி, பரவசமாகச் சொன்னார், "இப்ப."

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கூடத்தை நிறைத்தது.

கொழுந்தியாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மகள் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சகலை வாயைப் பிளந்தபடி, பாடுகிறவரையும் பாடுகிறவரின் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி எழுந்து வந்தாள். கணவரின் பின்னால் நின்று, உள்ளங்கையால் அவர் வாயை மெல்லப் பொத்தினாள்.

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். பாடகி பாடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்தவரைக் காணோம். மனைவி கையை எடுத்தாள். அடுத்த வரியில் அவர் வந்துவிட்டார். மறுபடி பொத்தினாள். போய்விட்டார்.

"ஞானஸ்தர் இருக்காரா, கிளம்பிட்டாரா?" என்று கேட்டாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் கேட்ட கேள்வி, இது எத்தனை நாளாக நடக்கிறது என்பது. கல்யாணமான புதிதிலிருந்து என்றாள் மனைவி. கொழுந்தியாள் சமையலறையிலிருந்தபடியே, அத்தானைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாகப் பார்த்ததைவிடப் பாடிக் கேட்டதுதான் தனக்கு முதல் ஞாபகம் என்று சேர்த்துக்கொண்டாள். மாடி வீட்டு அம்மா அந்தக் காலத்தில் ஒருநாள் கீழே வந்து, உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்ததையும் அக்காவைச் சொல்ல வைத்தாள்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. போர்வைக்குள் கேட்கிற கதகதப்பு. காதை இறுக மூடிய ஹெட்போனுக்குள் தன் சொந்தத் தொண்டை முழங்கியதைத்தான் கம்பெனியின் திறமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டுமா என்ன.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மனைவியிடம்.

"சொன்னா நிறுத்திடுவீங்க." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடையில ஏதாவது சங்கடம்னா அன்னிக்குச் சத்தமே வராது. நல்லா இருந்தா சுவரு அதிரும். நீங்க வாயைத் திறந்து எதையும் சொல்ற ஆள் இல்ல. நான் வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவளே தொடர்ந்தாள். இந்த இரண்டு வாரமாகத் தானும் ஒப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். பழையதில் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பாடுகிறாராம். புதியதில் பாதிச் சத்தம்தானாம், கொஞ்சம் சுருதிக்குப் பக்கத்திலும் வருகிறதாம்.

இதற்குள் கொழுந்தியாள் வெளியே வந்து தன் வீட்டுக்காரர் எதிரில் நின்றுகொண்டாள். "அது சரி, உங்களுக்கு முதல் நாளே கேட்டுச்சுன்னீங்களே. அத்தான் அப்போ நம்ம வீட்டுக்கு வந்து பாடினாரா?"

சகலை அசடு வழிந்தார். தண்ணீர் வேண்டும் என்றார். குடித்துவிட்டு, கண்ணாடிக்காரரைப் பார்க்காமல் தம்ளரைப் பார்த்துச் சொன்னார், "அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. கேக்கலன்னு சொல்ல மனசு வரல. காது அவ்வளவு பத்தாதோன்னு எனக்கும் ஒரு பயம்."

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் கடை நாற்காலியில் உட்கார்ந்து தெரியாத எழுத்தைத் தெரியும் என்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஒரு பயம் இருக்குமோ என்று முதன்முதலாகத் தோன்றியது. சகலையின் தோளைத் தட்டினார். மகள் அதற்குமேல் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகச் சேர்ந்துகொண்டவர் பாடியவர்தான்.

குழுவுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில், நாலு தரம் எழுதி அழித்து, ஐந்தாம் தரம் அனுப்பினார். நான் கேட்டது வயலின்காரரை அல்ல, என்னையேதான், என் மனைவி வாயைப் பொத்திப் பரிசோதித்து நிரூபித்துவிட்டாள், நண்பர்கள் மன்னிக்க வேண்டும் என்று.

யாரும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் யாரும் நம்பவில்லை. அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது என்றார் முதலாமவர். இடது பக்கக்காரர், தான் நேற்றும் கேட்டதாகவும் இப்போது குரல் சற்று நடுவுக்கு நகர்ந்திருப்பதாகவும் எழுதினார். வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று ஒருவர் எழுத, அவருடைய மனைவியும் அந்தக் குழுவில் இருந்ததால் அந்தச் செய்தி உடனே அழிக்கப்பட்டது. வெள்ளி வயர்க்காரர்தான் கறாராக முடித்து வைத்தார். கண்ணாடிக்காரர் போன வருஷம் குழுவுக்குக் குரல் பதிவில் பிறந்தநாள் வாழ்த்துப் பாடி அனுப்பியது தன்னிடம் இருக்கிறது, அதைக் கேட்டவர் எவரும் அவரைச் சந்தேகிக்க மாட்டார்கள், பதிவில் இருப்பவர் சுருதியோடு பாடுகிறார் என்று எழுதினார். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒரு விரல் சகலையுடையது.

அந்த மாதக் கடைசியில் ஹெட்போன்கள் வீடு மாறின. திறந்த வகையில் ராத்திரி பகலாகப் பாட்டுக் கசிந்து தன் உயிரை வாங்குகிறது என்று கொழுந்தியாள் அடம்பிடித்ததால் மூடிய வகை சகலைக்குப் போனது, திறந்த வகை இங்கே வந்தது. அவரவர் தனக்குத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் கொஞ்ச நாள் பல்குத்தும் குச்சியைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக் கேட்டுப் பார்த்தார். பாட்டு சப்பென்றிருந்தது. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி பாட ஆரம்பித்தார், ஒரு காதைத் தன் மேலும் வைத்துக்கொண்டு.

திறந்த வகையில் உள்ள ஒரே ஒரு கஷ்டம் அவருக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு சாயங்காலம் பாடகி நிதானமாக இழுக்க, இவரும் கூடவே இழுத்துக்கொண்டிருந்தபோது, மழை வரும் போலிருக்கிறது, மாடியில் துணி காய்கிறது என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே அவர் சற்று நேரம் இருந்து பார்த்தார்.

"காதுல விழுந்துச்சுன்னு தெரியும். பாட்டு நின்னுடுச்சே" என்றாள் அவள்.

அவர் ஹெட்போனைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.