காட்டுப் பட்டாணிக்குச் சாவோலை

“கையெழுத்துப் போட மாட்டேன்” என்று வெர்டா ஹாகன் சொன்ன சூட்டில், வடமேற்கு அமெரிக்காவின் பலூஸ் குன்றுகளின் மேல் கிடந்த பிப்ரவரிப் பனி மூன்று அங்குலம் உருகிவிட்டதாக ஊரில் பேச்சு. மூன்று என்பது கொஞ்சம் அதிகம். இரண்டரை இருக்கும்.

பயிர் விதைகளைச் சேமித்து வைக்கும் அந்த ஊர் விதை வங்கியில் அவளுக்கு முப்பத்தொரு வருஷ வேலை. பட்டாணி முழுக்க அவள் பொறுப்பு. விதைகள் தூங்கும் குளிர் அறைக்குள் போய்த் தும்மினால் தும்மல் உறைந்து தரையில் விழுந்து உடையும். அதற்குள்ளும் அவள் ஒரு கம்பளிச் சட்டையோடு சமாளித்துவிடுவாள். அங்கே ஏழாவது அலமாரியில் இருநூற்றுப் பதினான்கு பொட்டலம் காட்டுப் பட்டாணி இருந்தது. என்றோ யாரோ துருக்கி மலைச் சரிவுகளில் முட்டி தேயப் பொறுக்கி வந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு, பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை புது இயக்குநர் டாக்டர் விட்காம் ஒன்பது பக்க உத்தரவை அவள் மேஜையில் வைத்தார். நல்ல தடித்த காகிதம். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் இருநூற்றுப் பதினான்கில் ஒன்றுகூட முளைக்கவில்லையாம். ஆகவே எல்லாம் செத்த விதை. வெள்ளிக்கிழமை மதியம் வெந்து அழிய நீராவி உலைக்குப் போக வேண்டும். கீழே காப்பாளர், அதாவது வெர்டா, கையெழுத்துப் போட இடம்.

“உணர்ச்சிவசப்படாதீங்க வெர்டா. எண்ணைப் பாருங்க. வரிசையா பூஜ்யம்.”

“பூஜ்யம் வாங்கினது விதை இல்ல டாக்டர். உங்க படிவம்.”

விட்காம் கெட்டவர் இல்லை. மக்காச்சோள ஊரிலிருந்து வந்தவர், அவ்வளவுதான். மக்காச்சோளம் வெள்ளந்தி, நனைத்தால் ஒன்று முளைக்கும், இல்லை அழுகும். பட்டாணிச் சோதனைப் படிவத்தில் முளைத்தது, செத்தது என்பதோடு ‘கல்’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடக்கும் விதைகளுக்கான கட்டம். இது எதற்கு வீணாக என்று வந்த மாதமே அவர் அதை எடுத்துவிட்டார். கட்டம் இல்லாததால் ஆய்வகத்துக்காரர்கள் கல்லையெல்லாம் செத்ததில் சேர்த்துவிட்டார்கள்.

“செத்த பட்டாணி தண்ணியில ஊதும், நாறும். இது ஊதவே இல்லயே” என்றாள் வெர்டா. “உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. வாசல்ல நின்னு கூப்பிட்டா வராது. கதவ உடைக்கணும்.”

“எனக்கு இடம் வேணும். புதுசா உருவாக்கின ரகமெல்லாம் வாசல்ல காத்துக்கிடக்கு. நீங்க போடலேன்னா வெள்ளிக்கிழமை நானே கையெழுத்துப் போட விதியில இடம் இருக்கு.”

“தாராளமா. பேனா வேணுமா?”

அவர் போனதும் லமார் எட்டிப் பார்த்தான். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தையும் டிராக்டரையும் பார்த்துக்கொள்பவன்; அவளைவிட நாலு வயது மூத்தவன், வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

“வேலை போயிடும் வெர்டா.”

“உனக்கு எத்தன தடவ போயிருக்கு?”

“நாலு.”

“நல்லாத்தானே இருக்க?”

“நான் அழகா இருக்கேன், சமாளிச்சேன். உன் கதை வேற.”

அவள் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். அன்று சாயங்காலம் வரை பொட்டலத்துக்கு ஒரு விதை எடுத்து, தோலில் ஓரமாக ஒரு துணுக்கு வெட்டி, ஈரக் காகிதத்தில் சுருட்டி, கதகதப்பான அலமாரிக்குள் வைத்தாள். எந்தக் காகிதம் என்று லமார் பார்த்தான். பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே போனான்.

இது போதாது என்று அவளுக்குத் தெரியும். விட்காம் வெள்ளிக்கிழமைக்கு முந்தியே அவசரப்பட்டுவிட்டால்? ஆனால் வங்கிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆராய்ச்சிக்கோ, புது ரகம் உருவாக்கவோ, பாடம் நடத்தவோ யார் விதை கேட்டாலும் இலவசமாக அனுப்ப வேண்டும். கோரிக்கை வந்த பொட்டலம், பதில் போகும்வரை குளிர் அறையைத் தாண்டக் கூடாது.

செவ்வாய்க்கிழமை லூத்தரன் கோயிலில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் விருந்து. கேரட் போட்ட பச்சை ஜெல்லி மட்டும் பதினேழு பாத்திரம் வந்திருந்தது. வெர்டா நாற்காலி மேல் ஏறினாள்.

“ஒரு பொட்டலமும் உலைக்குப் போகக் கூடாது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள இணையத்துல வங்கிக்கு ஆளுக்கு நாலு பொட்டலம் கேட்டு எழுதுங்க. பொய் எழுதக் கூடாது. எழுதினா வளக்கணும். வளத்து என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும்.”

“வண்டு துளைக்காத பட்டாணி அதுல இருக்குமா?” என்று பின்னாலிருந்து ஒரு விவசாயி கேட்டார். “போன வருஷம் நான் பட்டாணியவிட வண்டுதான் அதிகம் அறுத்தேன்.”

“தெரியாது. அதான் கேக்கச் சொல்றேன். வெந்து போச்சுன்னா யாருக்குமே தெரியாது.”

“அப்ப எனக்கு அஞ்சு போடு.”

“நாலுதான். ஜெல்லி வேணா அஞ்சு எடுத்துக்க.”

ஐம்பத்து மூன்று பேர் ஆளுக்கு நாலு. மிச்சம் இரண்டை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவென்று பாஸ்டர் எழுதினார். அன்றிரவு ஊரின் இணையம் மூச்சுத் திணறி மல்லாந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விட்காம் தள்ளுவண்டியும் கையுறையுமாக வந்தார். குளிர் அறை வாசலில் இருந்த கணினித் திரையைப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு வரியும் சிவப்பு. எல்லாவற்றிலும் ‘கோரிக்கை நிலுவையில்’.

“இதெல்லாம் என்ன?”

“மக்கள்” என்றாள் வெர்டா.

“செத்த விதைய யாரும் கேக்க முடியாது. எல்லாத்தையும் தள்ளுபடி பண்றேன்.” அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

வெர்டா அந்த விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஈரச் சுருளை வைத்துப் பிரித்தாள். ஒன்பது பக்க உத்தரவு. மை கலைந்து நீலமாக ஓடியிருந்தது. வரிக்கு வரி கறுப்புப் பட்டாணி. ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை வெளேரென்று வேர். ‘உயிரற்றவை’ என்ற சொல்லைக் குத்திக்கொண்டு ஒரு வேர் அடுத்த பக்கத்துக்கே போயிருந்தது.

“என் உத்தரவையா நனைச்சீங்க?”

“தண்ணிய நல்லாப் பிடிச்சுக்கிற காகிதம் டாக்டர். அதுக்கு நன்றி. இருநூத்தி மூணு வந்திருக்கு. பதினொண்ணு வரல.”

“நீங்க நல்லதாப் பாத்துப் பொறுக்கியிருப்பீங்க.”

“அப்ப நீங்க பொறுக்குங்க. அந்தப் பதினொண்ணுலேருந்தே.” நகவெட்டியை நீட்டினாள்.

விட்காம் அந்தப் பதினொன்றில் ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவர் அழுத்திய முதல் விதை நழுவிப் பறந்து லமாரின் மூக்குக் கண்ணாடியில் டிங்கென்று அடித்தது.

“செத்தது நல்லாத்தான் துள்ளுது” என்றான் லமார்.

விட்காம் சிரிக்கவில்லை. தேடிப் பொறுக்கி மறுபடி வெட்டினார். பிறகு இன்னும் ஒன்பது. ஈரக் காகிதத்தில் தானே சுருட்டி, தன் பெயரை எழுதி, தன் அறையிலேயே பூட்டி வைத்தார். தள்ளுவண்டி காலியாகவே நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவராகவே வந்தார். பத்தில் ஏழு முளைத்திருந்தது.

“இத்தனையையும் யாரு வளக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

“சன்னல்ல பாருங்க.”

வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பிக்கப் வண்டிகள். வரிசையின் வால் அடுத்த மாநிலத்தில் இருந்தது என்பார்கள். சுற்று வட்டாரத்தில் எந்த மருந்துக் கடையிலும் ஒரு நகவெட்டி மிச்சமில்லை. ஜூன் வரைக்கும் ஊரே நகத்தைக் கடித்துத்தான் துப்பியது.

விட்காம் ஓர் அளவுகோலை எடுத்து, படிவத்தில் மூன்றாவது கட்டத்தைக் கையாலேயே கோடு போட்டு வரைந்தார். கோணலாக வந்தது. விதைப்பு அனுமதித் தாள்கள் இருநூற்றுப் பதினான்கையும் அவள் முன்னால் தள்ளினார்.

“கையெழுத்து?”

“அந்தப் பேனாவக் குடுங்க” என்றாள் வெர்டா.