இரண்டாம் சரணம்

1976, மெல்பேர்ண். வானொலி நிலையத்தின் சிறிய அறையில் சச்சிதானந்தன் ஞாயிறு நிகழ்ச்சிக்கான ஒலிநாடாவை ஓடவிட்டான். பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த இசைத்தட்டின் பிரதி அது. நாற்பது வருடங்களுக்கு முன் சென்னையில் பதிவான நாடகப் பாட்டு.

அறுபதை நெருங்கிய அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் நாடா நின்றது.

"மிச்சம் எங்க, தம்பி?"

"கடைசியில ஆரோ கத்தினது. வெட்டிப்போட்டன், அன்ரி."

"கத்தினது நான்தான்."

அவன் இசைத்தட்டைப் பார்த்தான். நடுவில் ஒட்டிய தாளில் எழுதியவர் பெயர் இருந்தது. அவளுடைய அண்ணனின் பெயர். ஆனால் நாடகத்தையும் பாட்டையும் எழுதியது தான்தான் என்று அவள் சொன்னாள். மகளின் பெயர் வெளியே போகக்கூடாது என்றார் தகப்பன். பாட்டு நீண்டால் சுருக்குவதற்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் அவளைப் பதிவுக்குக் கூட்டிப்போனார்.

பாடி முடித்ததும் பாடகி தன் பெயரைச் சொல்வது அந்தக் கால வழக்கம். அன்று பாடகிக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற சிவனேஸ்வரி முந்திக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். திரும்பப் பதியக் கம்பனிக்குப் பொறுமை இல்லை.

"அப்பா ஏசேல்லையோ?"

"அவர் ஒருநாளும் கடைசிவரைக்கும் கேக்கேல்லை. உம்மைப் போலத்தான்."

சச்சிதானந்தன் சிரித்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"பாட்டுக்கு மூண்டு நிமிசம்தான் தந்திருக்கினம், அன்ரி. உங்கட பேரையும் சேர்த்தா மிஞ்சும். அறிவிப்பில நான் சொல்லிவிடுறன்."

"நீர் சொன்னா நீர் சொன்னது. இது நான் சொன்னது."

அவன் இசைத்தட்டைக் கையில் எடுத்தான்.

"இரண்டாம் சரணத்தை வெட்டும்."

"அதுதான் நல்ல சரணம்."

"தெரியும். எழுதினது நான்."

அவன் தட்டிலிருந்து மறுபடி பிரதி எடுத்தான். அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். எந்தச் சொல்லில் வெட்டலாம், எங்கே தாளம் தடுக்கும் என்று சொன்னாள். அவன் நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டினான்.

மறுபடி கேட்டார்கள். முதல் சரணத்திலிருந்து பாட்டு நேரே பல்லவிக்குத் திரும்பியது. முடிந்தது. மூச்சு வாங்கும் சத்தம். அதன்மேல், பயமும் அவசரமுமாக, ஒரு இளம் குரல்:

"பாட்டு எழுதினது சிவனேஸ்வரி."

அவள் இன்னொரு தரம் போடச் சொன்னாள். அவன் போட்டான்.

"அன்ரி, எங்கட நிகழ்ச்சிக்கு ஒரு நாடகம் எழுதுவீங்களோ? இங்கத்தைச் சனத்தைப் பற்றி."

அவள் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள்.

"எத்தினை நிமிசம்?"