தம்பிக்கு விட்ட இடைவெளி

எங்கள் திரைச்சீலைக் கடையின் பின்னால் துணி உருளைகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. சுற்றிலும் கனத்த துணி என்பதால் உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு சத்தம் வராது. கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரை உட்கார வைக்கத் தோதான இடம் என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவி அதில் இரண்டு மைக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

வாரந்தோறும் கடை விடுமுறையன்று காலையில் அவளும் அவள் தம்பியும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். நிகழ்ச்சியின் பெயர் 'அக்காவும் தம்பியும்'. முதலில் ஊர் நடப்பு, அடுத்து பார்த்த படம், படித்த புத்தகம், கடைசியில் வீட்டுச் சங்கதி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்வது என் வேலை. மதியச் சாப்பாட்டுக்குள் அது கேட்கிறவர்களின் போனுக்குப் போய்விடும். எடிட்டிங் கிடையாது. இந்தக் கடையில் துணியைத் தவிர வேறெதையும் வெட்டக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம்.

மச்சானுக்கு எதிர்வரிசையில் விளக்குக் கடை. அக்கா கிழக்கு என்றால் அவன் மேற்கு என்பான். அவள் மனம் மாறி மேற்கு என்று வந்தால் அவன் அதற்குள் கிழக்கே போய் நின்றிருப்பான். ஆட்கள் கேட்டதே அதற்காகத்தான். ஜன்னல் அளவெடுக்க நான் போகிற வீடுகளில் பாதி இடத்தில் இவர்கள் சண்டைதான் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும்.

வம்பு வந்த வாரம், கடைத்தெருவில் வண்டிகளைத் தடைசெய்து நடப்பவர்களுக்கு மட்டும் விடப்போவதாக ஒரு பேச்சு. என் மனைவி அதற்கு ஆதரவு. வண்டி போகிற தெருவில் எங்கள் வெள்ளைத் துணி இரண்டே நாளில் சாம்பல் நிறமாகிவிடும். மச்சான் எதிர்ப்பு. ஆளுயர சரவிளக்கை வாங்குகிறவர் தலையில் சுமந்துகொண்டா போவார் என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோதுதான் என் மனைவி ஆபத்தானவள்.

வீட்டுச் சங்கதி வந்ததும் மைக்கை நெருங்கி உட்கார்ந்தாள்.

"தெருவுக்குள்ள வண்டி வரணும்னு வாதாடுறாரே இவரு, போன மாசம் இவரே வீட்டுக்குள்ள வர முடியாமத்தான் நின்னாரு, தெரியுமா?"

மச்சானுக்கும் அவன் மனைவிக்கும் ஏதோ மனத்தாங்கல். அவன் கோபித்துக்கொண்டு போய்த் தன் கடையில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்திருக்கிறான். அதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். அக்கா ஊருக்கே சொன்னாள், அவன் குரட்டையில் சரவிளக்கின் கண்ணாடிகள் கிணுகிணுத்ததாக ஒரு நகாசு வேலையும் சேர்த்து.

மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவன் வியாபாரி, கேட்பவர்கள் முன்னால் சண்டை போடமாட்டான். "அடுத்த வாரம் பார்ப்போம், வணக்கம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு எழுந்து போனான்.

"அந்த இடத்தை எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதையும் வெட்டக்கூடாது," என்றாள். அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் விளக்குக் கடைக்கு முதலில் வந்த ஆள், "அண்ணே, படுக்கையறைக்கு ஒரு விளக்கு வேணும். நீங்களே கீழ படுத்துப் பாத்ததா இருந்தா நல்லது" என்றிருக்கிறார். அடுத்தவர் தலையணை இலவசமா என்று கேட்டிருக்கிறார். மச்சானாவது பரவாயில்லை. அவன் மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. வலி பொறுக்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்கூட அவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்களாம்.

மச்சான் என்னை நடுத்தெருவில் மடக்கினான்.

"அத்தான், இனிமே நான் வரமாட்டேன். உங்க வீட்டம்மாவை நிகழ்ச்சிக்குப் பேரை மாத்திக்கச் சொல்லுங்க."

"என்ன பேரு வைக்கிறதாம்?"

"அக்கா மட்டும்னு வைங்க. எப்பவும் அதானே!"

நான் போய்ச் சொன்னேன். அவள் ஜன்னல் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசியை உதட்டிலிருந்து எடுக்காமலே, "பேரு மாறாது. அவன் வருவான்" என்றாள்.

"வரலேன்னா?"

"தம்பி இல்லாம அந்த நிகழ்ச்சி கிடையாது. அவன் இல்லாம ஒரு வாரம் நிக்கவும் நிக்காது."

"ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?"

"அது என் கவலை."

"போய் ஒரு வார்த்தை பேசிடேன். தப்பு உன் பேர்லதானே?"

குண்டூசியை அடுத்த மடிப்பில் குத்தினாள். அவர்கள் வளர்ந்த வீட்டில் பேரத்துக்கு ஒரே விதி: விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அதற்குப் பிறகு முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். அந்த விதியைக் கடையிலிருந்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் மன்னிப்பு என்கிற சரக்கு அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் கையிருப்பில் இருந்ததில்லை.

விடுமுறை நாள் வந்தது. எதிர்வரிசைக் கடை பூட்டியிருந்தது. அவள் வழக்கம்போல இரண்டு மைக்கையும் துடைத்து வைத்தாள். அவன் நாற்காலியில் அவன் முதுகுக்குச் செருகிக்கொள்கிற துணிச்சுருளையும் வைத்தாள்.

"நான் வேணா அந்தப் பக்கம் உக்காரட்டுமா?" என்றேன்.

"நான் எது சொன்னாலும் தலையாட்டுவீங்க. தலையாட்டுறது மைக்குல கேக்காது."

"பழசு ஒண்ணைத் தூக்கிப் போட்டுடலாமே?"

"பழைய சரக்கைப் புதுசுன்னு விக்கிற கடையா இது? பட்டனை அமுக்குங்க."

அமுக்கினேன். வணக்கம் சொன்னாள். தம்பிக்கும் சேர்த்து வணக்கம் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினாள். எதிர் நாற்காலி வணக்கம் சொல்லி முடிக்கிற அளவுக்கு அந்த அமைதி. பிறகு ஊர் நடப்புக்கு வந்தாள்.

"நடக்கிறவங்க நின்னு பாப்பாங்க. நின்னு பாக்கிறவங்கதான் வாங்குவாங்க. என்ன சொல்றே?"

நிறுத்தினாள். அவன் எவ்வளவு நேரம் பொரிந்து தள்ளுவானோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதே. கத்தினா அது வாதம் ஆயிடாது."

யாருமே கத்தவில்லை. ஹெட்போனில் துணியின் அமைதி மட்டும் கேட்டது. ஆனால் அவள் காலி நாற்காலியோடு முறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசாதே என்று அதட்டவும் செய்தாள். சினிமாவுக்கு வந்தாள். படத்தில் எல்லோரும் அழுகிறார்கள், ஒருவருக்கும் வேலைவெட்டி இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி நிறுத்தினாள். அந்த இடைவெளியில் திடீரென்று சிரித்துவிட்டாள். அவன் அங்கே என்ன சொல்லியிருப்பான் என்பது அவளுக்குக் கேட்டுவிட்டது போல. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை நான் இதைத் தம்பியை வரவழைக்கிற வித்தை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுச் சங்கதிக்கு இந்த முறை எங்கள் வீடே பலி. ஊருக்கெல்லாம் திரை தைத்துக் கொடுக்கும் எங்கள் படுக்கையறை ஜன்னலில் கல்யாணம் ஆன நாள் முதல் ஒரு பழைய போர்வைதான் ஆணியடித்துத் தொங்குகிறது என்றும், அளவெடுக்க வேண்டிய மகானுபாவர் இன்னும் அந்த ஜன்னல் பக்கம் வரவில்லை என்றும் சொன்னாள். என் மானம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கப்பலேறிவிட்டது.

அடுத்த நாளே இடைவெளிகள் வேலையை ஆரம்பித்தன. எங்கள் தையல்காரர் நிகழ்ச்சியைக் கேட்டபடி தைத்தார். அமைதி வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, மச்சானுக்குப் பதிலாகத் தானே பதில் சொன்னார், அதுவும் அவன் குரலிலேயே. அளவெடுக்கப் போன ஒரு வீட்டில், மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா அந்த இடத்தில் "அதெல்லாம் நடக்காதுக்கா!" என்று கத்தினார். முகச்சவரம் செய்துகொண்டிருந்த கணவர் உள்ளேயிருந்து, "இல்லடி, தம்பி அங்க ஒத்துக்கிட்டாரு" என்றார். தம்பி ஒத்துக்கொண்டானா இல்லையா என்று அவர்கள் போட்ட சண்டையில் நான் ஜன்னலை ஒரு சாண் குறைத்து அளந்துவிட்டேன்.

விளக்குக் கடையில் இப்போது தலையணையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "அந்த இடத்துல நீங்க என்ன சொன்னீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

"நான் ஒண்ணுமே சொல்லலை. நான் அங்க இல்லை!"

"சரி, இருந்திருந்தா?"

"இருந்திருந்தா நாறடிச்சிருப்பேன்."

"அப்படியா? கேக்கிறப்போ நீங்க அடங்கிப்போன மாதிரில்ல இருந்துச்சு."

வார நடுவில் வியாபாரிகள் சங்கச் செயலாளர் கடையேறி வந்து மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்பப் பெருந்தன்மை உங்களுக்கு. அக்கா அவ்வளவு பேசியும் நீங்க ஒரு வார்த்தை மறுக்கலை. வண்டித் தடைக்கு ஆதரவுன்னு உங்களைச் சேத்துட்டோம்."

"யாரைக் கேட்டுச் சேத்தீங்க?"

"நிகழ்ச்சியில உங்க பேரு இருக்கே, தம்பி."

அன்று எதிர்வரிசையிலிருந்து ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. என் மனைவி தலை நிமிராமல் மடிப்பு வைத்துக்கொண்டே, "பல்பா, டியூப்லைட்டா?" என்று கேட்டாள்.

"சரவிளக்கு மாதிரி கேட்டுது."

"அப்ப வந்துடுவான்."

அடுத்த விடுமுறையன்று வந்தான். கூடவே அவன் மனைவியும் வந்தாள். மச்சான் நேராகப் பின்னறைக்குப் போய்த் தன் நாற்காலியை முறைத்துப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றான்.

"ஒரே நிபந்தனை. வீட்டுச் சங்கதியைத் தூக்கணும்."

"முடியாது," என்றாள் அக்கா. "பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க."

"அப்ப நான் போறேன்."

"போ. அமைதியா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சங்கத்துல உன்னை இன்னும் எதெதுக்கு ஆதரவாச் சேப்பாங்களோ, எனக்குத் தெரியாது."

"இது பேரமா, மிரட்டலா?"

"நம்ம வீட்டுல என்ன வித்தியாசம்?"

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே கல்லாவில் வளர்ந்தவர்கள். யார் முதலில் திறப்பது? நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இப்படி ஒரு அமைதியில் ஒருமுறை இவர்கள் வீட்டில் காலைப் பலகாரம் மதியச் சாப்பாடாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் மச்சான் மனைவி வாசலில் அடுக்கியிருந்த துணியைத் தடவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அண்ணி, இதெல்லாம் உங்க சரக்கா?"

"ஆமா. ஏன்?"

"கேட்டேன். எங்க வீட்டுச் சரக்கும் இங்க வித்துச்சே, அது எப்படி வந்துச்சுன்னுதான் தெரியலை."

என் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. போட்டிக்காரனைத் திட்டலாம், வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றிச் சொல்லலாம். அடுத்தவர் சரக்கை எடுத்து விற்பதை மட்டும் அந்தக் குடும்பத்தில் எவரும் செய்ததில்லை. வாசலில் கலைந்திருந்த துணியை எடுத்து நேராக அடுக்கினாள்.

"வீட்டுச் சங்கதி இருக்கும்," என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது, பிடி இறங்கவில்லை. "ஆனா அவங்கவங்க மானத்தை அவங்கவங்கதான் விக்கலாம். அடுத்தவங்களுதை யாரும் தொடக்கூடாது."

மச்சான் தன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் துணிச்சுருளை முதுகுக்குச் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் பட்டனை அமுக்கினேன். வணக்கம் சொல்வது எப்போதும் அக்கா. அவள் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை. நிபந்தனை முடிந்துவிட்டது; ஆனால் நிபந்தனையில் அடங்காத ஒன்று அந்த இரண்டு மைக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. முதலில் பேசுபவர் தோற்பார். ஹெட்போனில் இரண்டு பேர் மூச்சு விடுவதும், வாசலில் வளையல் அசைவதும் கேட்டன. நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். போன வாரம் காலி நாற்காலியோடு மல்லுக்கட்டியபோது இருந்த அதே இறுக்கம்.

அவள்தான் திறந்தாள்.

"தம்பி, கடையில படுத்த கதை உன்னுது. நான் எடுத்து வித்திருக்கக்கூடாது. தப்பு என்னுது. உன்கிட்டயும் சொல்றேன், வாசல்ல நிக்கிற உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்றேன், கேட்டுச் சிரிச்ச அத்தனை பேர்கிட்டயும் சொல்றேன்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இதை எடுத்துடுங்க, அத்தான்" என்றான் மெதுவாக. அக்கா தோற்றதை ஊர் கேட்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எதையும் வெட்டக்கூடாது," என்றாள் அவள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"சரி, வணக்கம். போன வாரம் நான் பேசாத பேச்சுக்கு இப்ப வரேன். அக்கா, வண்டியை நிறுத்திட்டா என் சரவிளக்கை யாரு தலையில தூக்கி வைப்பே, அத்தான் தலையிலயா?"

நான் தலையாட்டினேன். மைக்கில் கேட்கவில்லை.