ஜோடிக்கு மட்டும்

தெற்கே கடலோரத்தில், வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்காகக் கேரவன் முகாம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் விளம்பரம் எழுதுகிறார்கள். குளிர்காலம் முழுக்க வேலை, வண்டி நிறுத்த இடம், கரண்டு, தண்ணீர் இலவசம், ஜோடிக்கு மட்டும். அந்தக் கடைசி இரண்டு சொற்களை எப்படித் தாண்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் ஒருத்தி.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. முகாம்காரருக்கு இடம்தான் சரக்கு. வாடகைக்கு விடக்கூடிய ஓர் இடத்தை வேலையாளுக்குச் சும்மா கொடுத்தால், அந்த இடத்திலிருந்து இரண்டு பேர் உழைப்பு வர வேண்டும். ஒருவர் ஆபீஸில் உட்கார, இன்னொருவர் கழிவறை கழுவி, புல் வெட்ட வேண்டும். ஒற்றை ஆள் போனால் இடம் முழுதாகப் போய்விடும், வேலை பாதிதான் நடக்கும். நானே முகாம் வைத்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதனாலேயே யாரோடும் சண்டை போட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் லைல் இருந்தவரை எங்களுக்கு இந்தச் சிக்கலே வந்ததில்லை. அவர் போன பிறகும் போனில் 'நாங்க' என்றே வாயில் வந்துவிடும். 'நாங்க வடக்கே பீட்ரூட் அறுவடையில இருக்கோம்' என்று ஆரம்பிப்பேன். பேச்சு நன்றாகவே போகும். பிறகு அந்தக் கேள்வி வரும்.

நேடீன் என்ற முகாம்காரம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

"ஆபீஸ் வேலையெல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்கு. ரொம்ப சந்தோஷம் கண்ணு. வீட்டுக்காரர் புல் வெட்டுவாரா?"

"அவர் இறந்துட்டாரு. நானே வெட்டுவேன்."

"அடடா." பக்கத்தில் குரைத்த நாயை அதட்டினாள். "தப்பா நினைக்காதீங்க. என்கிட்ட கொடுக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கு."

"ரெண்டு பேர் வேலையையும் நான் ஒருத்தியே செய்றேன்."

"நீங்க கழிவறை கழுவிட்டு இருக்கறப்போ ஆபீஸ் போன் அடிச்சா?"

 ஆனாலும் இந்த வாரக் கடைசி வரை இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றாள். இரக்கப்பட்டுச் சொன்னாள் என்று தெரிந்தது.

நேடீன் இல்லையென்றால் எனக்கு மகள் வீட்டு வாசல்தான். போன குளிர்காலம் அங்கேதான் கேரவனை நிறுத்தியிருந்தேன். கேரவன் குழாய்கள் உறைந்து வெடித்தன. மகள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தினமும் விடியற்காலையில் ஜன்னல் வழியாக அவர்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டிருப்பேன். விளக்கு எரிந்த பிறகுதான் கதவைத் தட்டி, பாத்ரூம் போக முடியும். அவள் தாராளமாக உள்ளே வரச் சொல்வாள். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம்.

அறுவடையில் எனக்குப் பகல் ஷிப்ட். லாரிகள் வரிசையாக வந்து சர்க்கரை ஆலைக்கான பீட்ரூட்டைக் கொட்டும். ஒரு பெரிய எந்திரம் அதைத் தூக்கிக் குன்று மாதிரிக் குவிக்கும். கை காட்டி லாரியைப் பின்னால் வரவைப்பதும், சிந்தியதை மண்வெட்டியால் அள்ளுவதும் என் வேலை. எந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. பகல் முழுவதும் என் கைகள்தான் பேசும்.

எங்களை நிறுத்தியிருந்த மைதானத்தில் வண்டிகள் அதிகம், அவற்றுக்குக் கரண்டு எடுக்க பிளக் பெட்டி வைத்த கம்பங்கள் குறைவு. அதனால் என் சின்ன கேரவனையும் ஒரு வெள்ளை வேனையும் ஒரே கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். வேன்காரருக்கு இரவு ஷிப்ட். நான் வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியாது, அவருடைய மஞ்சள் ஒயர் தெரியும். மிச்ச நீளத்தை ஒழுங்காக வட்டம் சுற்றி வைத்திருப்பார். ஒருநாள் காற்றில் அது கலைந்து கிடந்தது, நானே சுற்றி வைத்தேன். அந்த வாரம் இன்னொருவருக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு வெயில் அடித்தது, வேலை நின்றது. பறித்த பிறகும் கிழங்கு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். குளிர்ந்த கிழங்கு மெதுவாக மூச்சு விடும். சூடான கிழங்கோ வேகவேகமாக விட்டு, தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடும். அப்படிப்பட்டதைக் குவித்தால் ஒன்று இன்னொன்றைச் சுட வைத்து, குன்று உள்ளிருந்தே அழுகும். அதனால் கிழங்கில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பார்கள். சூடு அதிகமென்றால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று பகலில்தான் வேன்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மத்தி மீனை டப்பாவிலிருந்து எடுத்து பிஸ்கட்டில் வைத்துத் தின்பதைப் பார்த்தேன். என்னைவிட வயதானவர்.

"நீங்கதான் மஞ்சள் ஒயரா?" என்றேன்.

"ஆமா. எமெரின்னும் கூப்பிடலாம். நீங்க கறுப்பு ஒயர்."

"மார்வா."

"உங்க ஹீட்டர் ஓடறப்போ என் கரண்டு புட்டுக்குமோன்னு எனக்குத் தினமும் பயம், மேடம்."

"புட்டுக்காது." கம்பத்துப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். "பெரிய பிளக் பாயிண்ட் பஸ் மாதிரி வண்டிக்கு. நடு பாயிண்ட் என்னை மாதிரி கேரவனுக்கு. சின்னது சாதாரண வீட்டு பிளக், அதுல நீங்க இருக்கீங்க. மூணுக்கும் தனித்தனி சுவிட்ச். என்னோடது டிரிப் ஆனா என்னோடது மட்டும்தான் போகும்."

"டீச்சரா இருந்தீங்களா?"

"ஸ்கூல் கேன்டீன்ல சமையல்."

"அதான் அதட்டுறீங்க."

குளிர்காலத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். விளம்பரத்தைச் சொன்னேன். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் அதே கதைதான். ஒருத்தன் கேட்டான், 'உங்க வீட்டம்மா கல்லாவுல உட்காருவாங்களா'ன்னு. என் வேன்ல நானே சுருண்டுதான் படுக்கறேன், வீட்டம்மாவை எங்க வைக்கறது?"

"கல்யாணம் ஆகலையா?"

"ரெண்டு தடவை. ரெண்டு பேருமே புத்திசாலிங்க, கிளம்பிட்டாங்க."

"ஜோடின்னாதான் மனுஷன்னு நினைக்கறாங்க."

"பூட்ஸ்கூட ஜோடிதான்," என்று தன் சேற்றுக் காலைத் தூக்கிக் காட்டினார். "அது ரெண்டும் கல்யாணமா பண்ணிக்கிச்சு?"

நான் பூட்ஸைப் பார்க்கவில்லை. இன்னும் திறந்தே இருந்த பெட்டியைப் பார்த்தேன். நடு பாயிண்டில் என் கறுப்பு ஒயர், சின்னதில் அவருடைய மஞ்சள் ஒயர், பெரியது காலி. ஓர் இடம், ஒரு கம்பம். அதில் இரண்டு பேர் இத்தனை நாளாக முகம்கூடப் பார்க்காமல் குடியிருந்தோம்.

"எமெரி, நான் ஆபீஸ்ல உட்கார்ந்தா, உங்களுக்குப் புல் வெட்ட வருமா?"

"வரும். ஆனா முதல்லயே சொல்லிடறேன், காலையில என்கிட்ட யாரும் பேசக் கூடாது."

"சாயங்காலம் என்கிட்டயும்தான். சமையல் தனித்தனி."

"மீன் வாடையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"அதைச் சொல்லுவேன்."

நேடீனைக் கூப்பிட்டேன்.

"நாங்க ரெண்டு பேர்," என்றேன். லைல் போன பிறகு அந்தச் சொல் அன்றுதான் பொய்யில்லாமல் வந்தது. 

"அப்போ ஜோடியா கண்ணு?"

"ரெண்டு வேலைக்காரங்க. கல்யாணம் இல்ல, பண்ணிக்கவும் போறதில்ல. ஆளுக்கொரு வண்டி."

"ரெண்டு வண்டின்னா ரெண்டு இடம் கேப்பீங்களே!"

"கேக்க மாட்டோம். உங்க இடத்துல பஸ் மாதிரி வண்டி நிக்குமா?"

"தாராளமா நிக்கும்."

"கம்பத்துல மூணு பாயிண்ட் இருக்கா?"

போனோடு அவள் எழுந்து வெளியே போவது கேட்டது. நாய் கூடவே குரைத்துக்கொண்டு போனது. பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "இருக்கு," என்றாள். பிறகு, "அட," என்றாள்.

மறுநாளே குளிர் திரும்பிவிட்டது, குன்று மறுபடி வளர ஆரம்பித்தது. நான் பகலுக்குப் போனேன், அவர் இரவுக்குப் போனார். அறுவடை முடிகிற வரைக்கும் அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. தெற்கே போனதும் தனித்தனியாகத்தான்.

ஏற்பாடு இதுதான். பஸ் நிற்கும் நீளமுள்ள இடத்தில் என் கேரவன் பின்னால், அவர் வேன் முன்னால். என் ஒயர் நடு பாயிண்டில், அவருடையது சின்னதில். தண்ணீர்க் குழாயில் இரண்டாகப் பிரியும் ஒரு மூக்கு. ஆபீஸ் எனக்கு, புல்லும் கழிவறையும் அவருக்கு. ஓர் இடத்துக்கு இரண்டு பேர் உழைப்பு வருகிறது, போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறது.