ஏரியில் கேட்ட சிரிப்பு

கல்லறைத் திருநாளன்று அன்புராஜ் கல்லறைக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டான். மனைவி பிரின்சியைப் புதைத்த பிறகு அவன் அந்தப் பக்கமே போனதில்லை. இறங்கிய இடத்தில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஏரிக்கு வேலி போட்டுப் பறவைகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாமென்று சீட்டு வாங்கினான்.

வாசலில் காவலாளி சின்னதுரை பையைத் துழாவினார். சாமந்தி மாலை, மெழுகுவத்தி, தீப்பெட்டி.

“இன்னா சார், கொக்குக்கு பர்த்டேவா?”

அன்புராஜ் சீட்டை நீட்டினான்.

“நெருப்பு சமாச்சாரம் உள்ள உடமாட்டோம். போறப்போ வாங்கிக்கினு போ சார்.” மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வெயில் விழும் ஜன்னலில் வைத்தார்.

மாமியார் ஆரோக்கியமேரி இந்நேரம் கல்லறையைக் கழுவிப் பூ வைத்திருப்பார். கோயில் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். அதற்குள் கணவன் முதல் மெழுகுவத்தியை ஏற்றியாக வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம்.

பார்வைக் கோபுரத்தில் ஏறினான். கீழே ஒரு நீர்க்காகம் வாய்க்குக் கொள்ளாத கெண்டையோடு திண்டாடியது. இன்னொன்று பாய்ந்து பிடுங்கியது. இரண்டும் இழுத்ததில் மீன் நழுவ, சும்மா மிதந்துகொண்டிருந்த கூழைக்கடா அதை அலட்டிக்கொள்ளாமல் அள்ளிக்கொண்டது. அன்புராஜ் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரித்தது தான்தான் என்பது பிறகே உறைத்தது. இன்றைக்கு என்ன நாள் என்பதே மறந்திருந்தது. பஸ்ஸில் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் பிரின்சி அவனை இடித்து எழுப்புவாள். “ஒரு வாட்டி எறங்கிப் பாக்கலாம்பா.” ஷிப்டு முடிந்த அலுப்பில் அவன் கண்ணைத் திறந்ததில்லை.

போன் அடித்தது. ஆரோக்கியமேரி.

“மாப்ளே, எங்க கீறீங்க? சாமியாரு நம்ம வரிசைக்கு வந்துட்டாரு.”

“ரயில்வே கேட்டு போட்டுட்டான் அத்தே. இதோ வந்துடறேன்.”

ஓடினான். வாசலில் திரும்ப வாங்கிய மெழுகுவத்தி வெயிலில் வளைந்திருந்தது; அவசரத்தில் தீப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் அந்த வரிசையைக் கடந்துவிட்டிருந்தார். எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். பிரின்சியினுடையதில் மட்டும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி அவன் பேண்டில் ஒட்டியிருந்த புல்முள்ளைப் பார்த்தார்.

“கேட்டாண்ட இம்மாம் புல்லா மாப்ளே?”

“ஏரிக்குப் போயிருந்தேன் அத்தே.”

ஆரோக்கியமேரி சாமந்தி மாலையை வாங்கிக் கல்லறையில் வைத்தார்.

“நல்லா இருந்துச்சா?”

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினான்.

“அவளையும் ஒரு வாட்டி இட்டுக்கினு போயிருக்கலாம்.”

பக்கத்துக் கல்லறையில் நெருப்பு வாங்கி ஏற்றினான். வளைந்த மெழுகுவத்தி சிமெண்டில் நிற்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டான். மெழுகு விரலில் சொட்டியது. கையை எடுக்கவில்லை.