திருமதி என்று வந்த பிழை

தொலைபேசியில் அந்த அம்மாளின் குரலைக் கேட்டதும் வெர்னா டட்டில் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம். அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் பாதி காலியாகக் கிடந்தது. அலபாமாவின் கோல்டர்வில் ஊரில் வெளிவரும் கூரியர் வார இதழில் கல்யாணம், விருந்து, மரணம் மூன்றும் அவள் பொறுப்பு. இரங்கல் குறிப்பு சொல்ல அழைப்பவர்கள் பெரும்பாலும் அழுவார்கள், அல்லது அவசரப்படுவார்கள். இந்த அம்மாள் இரண்டும் செய்யவில்லை. கணவர் பெயர் ஹோராஸ் மேபின், ரயிலில் தபால் பிரிக்கும் உத்தியோகம், ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது அப்படியே சாய்ந்துவிட்டார் என்று பிசிறில்லாமல் சொன்னார்.

வெர்னாவின் கணவர் கிளைடும் அப்படித்தான் போனார். வேலை நேரத்தில் சொந்தக் கதை எதற்கு என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"முகத்துல பாதி சோப்பு நுரையோட கிடந்தாருங்க. மீதியை நான்தான் மழிச்சு விட்டேன்."

"நான் அவருக்கு இன்னொரு ஷூவை மாட்டி விட்டேன், திருமதி டட்டில். எதுக்குன்னு தெரியல," என்றார் அந்த அம்மாள்.

கிளைடு போன பிறகு அந்த நுரையைப் பற்றி வெர்னா யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஏதாவது சாப்பிட்டீர்களா, திருமதி மேபின், வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள் என்று அக்கறையாக விசாரித்தாள். இறந்தவரின் மனைவி திருமதி அலெதியா மேபின் என்று எழுதி, எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். எந்த ஈமச்சடங்கு நிலையம் என்பதைக் கடைசியில்தான் கேட்டாள்.

"லட்ரெல் சகோதரர்கள்," என்றார் அந்த அம்மாள்.

லட்ரெல் சகோதரர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதி. கோல்டர்வில்லில் ஒரு வெள்ளைக்காரரின் சவம்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"சரி அலெதியா. வியாழக்கிழமை வந்துடும். நீ போனை வெச்சிடு," என்றாள் வெர்னா.

சொன்னது தன் வாய்தான் என்று உறைக்க அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. யோசித்துச் சொன்னதில்லை. படியில் கால் தானாக இறங்குவது போல நாக்கு இறங்கிவிட்டது. மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரலில், அதே நிதானத்தில், "நன்றி, திருமதி டட்டில்," என்று சொல்லிவிட்டு அலெதியா வைத்துவிட்டாள்.

கூரியரில் திருமதி என்பது வெள்ளைக்காரிக்கு மட்டும். எங்கும் எழுதிவைத்ததில்லை, அலபாமாவில் அதை எழுதிவைக்க வேண்டியதும் இல்லை. கறுப்புப் பெண் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியது. வயதாகிவிட்டால் ஆண்ட்டி என்பார்கள். அதுவும் பாசத்தில் வருவதல்ல. திருமதியைக் கொடுக்காமல் தப்பிக்கும் வழி. வெர்னா பென்சிலை அந்தச் சொல்லின்மேல் கொண்டுபோனாள். அடிக்கத்தான் போனாள். அந்த இன்னொரு ஷூ ஞாபகம் வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தாளை அப்படியே அச்சுக்கோக்கும் டூயியிடம் கொடுத்துவிட்டாள். அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது, ஊருக்குத் தெரியாமல் தர்மம் செய்தவளைப் போல அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

இதழ் வெளிவந்த மறுநாளே தொலைபேசி ஓயவில்லை. வங்கி மேலாளரின் மனைவி திருமதி ஹார்க்ரேவ் முதல் ஆள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"ஏன் வெர்னா, அடுத்த வாரம் எங்க வீட்டுச் சமையக்காரிக்கும் திருமதி போட்ருவியா? சொல்லிடும்மா. நான் ஏப்ரனை மாட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிடறேன்."

சிரிப்பு அடங்கியதும், வங்கி விளம்பரம் இனி வராது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஆசிரியர் ஸ்ட்ரவுட் வெர்னாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் கணக்கில் அவர் கெட்டவர் இல்லை. கிளைடு இறந்தபோது மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர் வேலை கொடுத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளர் பேசினாராம். அந்த அலெதியா கறுப்பர் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அந்தப் பள்ளி ஆசிரியர்களின் நியமனத்தை ஒவ்வொரு வசந்தத்திலும் புதுப்பிப்பவர் கண்காணிப்பாளர்தான். இந்த வருடத்துக் கையெழுத்து இன்னும் போடவில்லை. யாரோ ஒருத்தர் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாராம்.

"அவ வெள்ளைக்காரி மாதிரி பேசி உன்னை ஏமாத்துனாளா? எனக்கு அது மட்டும் போதும்," என்றார் ஸ்ட்ரவுட். "ஆமான்னா அவ பாடு, கண்காணிப்பாளர் பாடு. இல்லைன்னா..."

திறந்த கதவு வழியாக வெர்னாவின் மேசையைப் பார்த்தார்.

ஏமாற்று எதுவும் நடக்கவில்லை. கேட்டதும் நிலையத்தின் பெயரை ஒளிக்காமல் சொன்னவள் அலெதியா. அதற்கப்புறம் தெரிந்தே தாளை டூயியிடம் கொடுத்தது வெர்னா. இவ்வளவும் வெர்னாவின் தொண்டைவரை வந்து நின்றது. கூடவே வீட்டு வாடகை, இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்ற பயம், திருமதி ஹார்க்ரேவின் சிரிப்பு எல்லாமும் வந்தன.

"அப்படித்தான் பேசினாங்க," என்று வந்ததைப் பாதியில் விழுங்கி, "பேசினா," என்று முடித்தாள்.

ஸ்ட்ரவுட் பெருமூச்சு விட்டார். திருத்தம் ஒன்று போட வேண்டும், அதை அவளே தட்டச்சு செய்துவிடட்டும் என்றார். சென்ற இதழில் அலெதியா மேபின் என்ற கறுப்பினப் பெண்ணைத் திருமதி என்று குறிப்பிட்டது தவறு, வாசகர்களிடம் வருந்துகிறோம். இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. வெர்னாவுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

டூயி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அச்சு மை படிந்த விரலால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எதைத் திருத்துறோம் வெர்னா? அவளுக்குக் கல்யாணம் ஆகலியா, இல்ல புருஷன் சாகலியா?"

கேட்டுவிட்டு, தன் வேடிக்கையைத் தானே ரசித்துச் சிரித்தார். வெர்னாவும் சிரிக்கப் பார்த்தாள்.

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடவில்லை என்ற செய்தி பெண்கள் முடி திருத்தும் கடையில் அவள் காதில் விழுந்தது. ஒழுங்காக இருக்கத் தெரியாதவள் என்றாள் ஒருத்தி. வடக்கே கிளீவ்லாந்தில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், அங்கே போய்த் திருமதியாக இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. முடி உலர்த்தியின் சூடு மண்டைக்குள் இறங்க, வெர்னா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் கேட்காதவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வெண்ணெய் கேக் ஒன்று சுட்டாள். சாவு விழுந்த வீட்டுக்கு எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக்கு மட்டும் யாரும் எடுத்துப் போவதில்லை. தண்டவாளத்தைத் தாண்டும்போது, சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். திருமதி மேபின், நான் பொய் சொல்லிட்டேன். திங்கக்கிழமை கண்காணிப்பாளர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். யாரும் இல்லாத தெருவில் அது சுலபமாகத்தான் வந்தது.

வெள்ளையடித்த சின்ன வீடு. கூடத்தில் பெட்டிகளைக் கயிறு கட்டி வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. வெர்னா கொசுவலைக் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டு வாசலில் தவணை வாங்க வந்த வெள்ளைக்கார இன்ஷூரன்ஸ் வசூல்காரர் ஹோலிஸ் நின்றிருந்தார். அவள் போகும் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்பவர். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார். பிறகு கேக் தட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். போகாமல் நின்றுகொண்டார்.

வலைக்குப் பின்னால் அலெதியா வந்து நின்றார். நெடிய உருவம், கறுப்பு உடை, கையில் சுற்றிக்கொண்டிருந்த சணல் கயிறு. வெர்னா நினைத்ததைவிட வயது குறைவு. கொக்கியை எடுக்கவில்லை.

"யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

வெர்னா வாயைத் திறந்தாள். திருமதி மேபின் என்பதா, அலெதியா என்பதா. பின்னால் ஹோலிஸ் தொண்டையைச் செருமுவது கேட்டது. தட்டின் அடியிலிருந்து சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் அலெதியா கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டு, கரும்பலகையின் முன்னால் திணறும் பிள்ளைக்காகக் காத்திருப்பவரைப் போல, சற்றுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.