அழைக்கக் கூடாத விருந்து

கால்நடை மருத்துவர்கள் சங்கத்தின் மாநாட்டுக் குழுவில் நான் பல வருடங்களாகப் பொருளாளர். கூட்டம் என்றாலே எனக்கு எரிச்சல். பேனர் என்ன நிறம் என்று ஒரு காலை முழுக்கப் பேசுவார்கள், பச்சை என்று முடிவாகும், அச்சகத்திலிருந்து நீலம் வந்து சேரும். ஆனாலும் ஒரு கூட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. என் மனைவி ஸ்மில்யா போன பிறகு, சொம்போர் ஊரில் 'வாய்யா மிலுதின், உட்காரு' என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போடும் இடம் அது ஒன்றுதான்.

அந்த வருடம் குழுத் தலைவியாக வந்தவள் மெட்கா. ஸ்லோவேனியாக்காரி, குதிரை வைத்தியம் பார்ப்பவள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு செர்பியாவுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேலையில் புலி. பேனர் நிறத்தை அவளே முடிவு செய்தாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

வசந்த காலத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே கோசாரா அவளை எச்சரித்தாள். கோசாரா நோவி சாத் ஊர்க்காரி, பன்றிப் பண்ணை மருத்துவர், வாய் மட்டும் சந்தைக்கடை.

"மெட்கா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. டிசம்பர்ல எந்த நாள்ல வேணும்னாலும் மாநாட்டை வை. புனித நிகோலா நாள்ல மட்டும் வச்சிடாத. சங்கத்துல பாதிப் பேர் வீட்டுல அன்னிக்கு ஸ்லாவா, குடும்பப் புனிதருக்கு விருந்து. மீதிப் பேர் அவங்க வீட்டுல சாப்பிடப் போயிருப்பாங்க."

"இது தெரியாதா அக்கா எனக்கு? எங்க ஊர்லயும் நிகோலா நாள் உண்டே. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துத்தான் கொண்டாள். அவள் ஊரில் கத்தோலிக்கர்கள். அங்கே நிகோலா டிசம்பர் ஆறாம் தேதி வருவார். நாங்கள் பழைய நாட்காட்டியை விடாதவர்கள். அதே நிகோலா எங்களிடம் பத்தொன்பதாம் தேதிதான் வந்து சேருவார். மெட்கா ஆறாம் தேதியை விட்டுக் கவனமாக விலகி, பத்தொன்பதைப் பிடித்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில், "நிகோலாவைத் தொடல. ஓட்டல் போட்டாச்சு, அன்னிக்கு முழுக் கட்டடமும் காலியாம், பாதி விலைக்குத் தர்றாங்க" என்றாள். நாங்கள் கைதட்டினோம். அன்றைக்கு மட்டும் ஓட்டல் ஏன் காலி என்று ஏழு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தேதியும் தாளில் இருந்தது. ஜூன் மாத வெயிலில் டிசம்பர் தேதியை எவன் பார்க்கிறான்?

அறிவிப்பு உறுப்பினர்களுக்குப் போன அன்றே பூதம் புறப்பட்டது. முதல் தொலைபேசி அழைப்பு ஓபராத்திடமிருந்து. அவனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். பக்கத்துத் தெருக்காரன்தான்.

"ஏன்யா மிலுதின், அடுத்த வருஷம் ஈஸ்டர் காலையில வச்சிடுங்களேன். பாதிரியாரையே பேச்சாளரா போட்டுக்கலாம், செலவு மிச்சம்."

அதற்குள் போலந்திலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வரும் பேச்சாளர்கள் விமான டிக்கெட் வாங்கியிருந்தார்கள். ஓட்டலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மெட்காவின் முகம் வெளிறிப்போனது. "நான் விலகிக்கறேன்" என்றாள். "விலகினா பேட்ஜ் எல்லாம் யாரு எழுதறது? உட்காரு" என்றாள் கோசாரா. மாநாட்டோடு நடக்க வேண்டிய பொதுக்குழுவை வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டு, வருகிறவர்களை வைத்துக்கொண்டு மாநாட்டை நடத்துவது என்று முடிவானது.

எல்லோரும் எதையாவது சொல்லிக் கத்தினார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுப் புனிதரும் நிகோலாதான்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் கொடுமையும். வீட்டுக்காரன் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியும் கோதுமையும் மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் தாழிடாமல் நிற்க வேண்டும். வருகிறவர்கள் வருவார்கள். 'வாருங்கள்' என்று வாய்விட்டுச் சொன்னால் அது பிச்சை கேட்ட மாதிரி. ஸ்மில்யா இருந்தபோது எங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஜன்னல் திண்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் இறந்த வருடம் துக்கத்தால் நான் ஸ்லாவா வைக்கவில்லை. அடுத்த வருடம் வைத்தேன். ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. ஊர் நினைத்தது, மனுஷன் நிறுத்திவிட்டான், போய்ச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. நான் நினைத்தேன், ஊர் என்னை மறந்துவிட்டது என்று. கேட்டுத் தெளிய இரண்டு பக்கமும் வழி கிடையாது. மீன் குழம்பை ஒரு வாரம் நானே தின்பேன். ஸ்மில்யா கொப்பரை நிறையத்தான் சமைப்பாள். குறைத்துச் சமைக்க எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

இந்த வருடமும் யாரும் வராவிட்டால் இதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் அப்பாவும் அவர் அப்பாவும் போரில்கூட அணையவிடாத மெழுகுவர்த்தி. அது என் கையில் அணையப் போகிறது என்ற நினைப்போடுதான் அன்று விடிகாலை அதை ஏற்றினேன். கோவிலில் ரொட்டியை அறுத்துக்கொண்டு வந்தேன். கொப்பரையை அடுப்பில் ஏற்றி இறக்கினேன். பிறகு, எந்த வீட்டுக்காரனும் செய்யாத வேலையாக, வீட்டை விட்டு ஓட்டலுக்குப் போய்ப் பதிவு மேசையில் உட்கார்ந்தேன். யாருக்காக வீட்டில் நிற்பது?

மாநாடு நடந்தது. அரங்கில் பாதி நாற்காலி காலி. வந்தவர்கள் ஹங்கேரிக்காரர்கள், ஸ்லோவாக்குகள், வேறு புனிதர்களைக் கொண்டாடும் நம் ஆட்கள், வெளிநாட்டார். போர்ச்சுகல்காரர் மாட்டுக் குளம்பைப் பற்றி அருமையாகப் பேசினார். மெட்கா நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். 'இரவு விருந்து மட்டும் நல்லபடியா முடிஞ்சா போதும்' என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருட்டியதும் எல்லோரும் பனிமூட்டத்தில் நடந்து, விருந்துக்குச் சொல்லியிருந்த கால்வாய்க்கரை உணவகத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. உள்ளே விளக்கில்லை.

மெட்கா கைபேசியில் உரிமையாளரைப் பிடித்தாள். மறுமுனையில் அக்கார்டியன் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அம்மணி, ஜூன்லயே சொன்னேனே! நிகோலா நாள்ல மட்டும் கடை கிடையாது, மத்தபடி எப்ப வேணும்னாலும் வாங்கன்னு. நீங்களும் தேதியே சொல்லாம சரி சரின்னீங்களே!"

ஒரே கல்லில் இரண்டு தடவை தடுக்கி விழுந்திருந்தாள் மெட்கா. கைபேசியைக் கீழே இறக்கினாள். நாற்பது பேர் குளிரில் அவளைப் பார்த்தார்கள். ஊரில் அன்று திறந்திருந்த ஒரே கடை பெட்ரோல் நிலையம்.

"தப்பு என்னோடதுதான். ஓட்டலுக்கே திரும்பிடலாம். சமையல்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, பிஸ்கட் ஏதாவது இருக்கும்..." என்றாள். என் வீட்டில் கொப்பரை நிறையக் குழம்பு இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் வீட்டுக்காரனாக நின்றவன், நடுத்தெருவில் நின்று என் வீட்டுக்கு வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவேன்?

கோசாரா என் கையைப் பிடித்து விளக்கடியில் இழுத்தாள்.

"காலையிலேர்ந்து பார்க்கறேன். உன் கோட்டுக் கையில மெழுகு சொட்டியிருக்கு. மீன் வாசனை வேற. நீ இன்னும் ஸ்லாவா வைக்கறியா?"

தலையை மட்டும் அசைத்தேன்.

"அடப்பாவி மனுஷா! ஸ்மில்யாவோட நிறுத்திட்டேன்னு ஊரே சொல்லுது, நானும் நம்பிட்டேன். வச்சுக்கிட்டுத்தான் ஊமையா இருந்தியா?" என்று கத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேளுங்க! இந்த ஆள் யாரையும் கூப்பிடல. கூப்பிடவும் மாட்டாரு, கூப்பிடக் கூடாது. நான் மாதா கோவில் தெரு வழியா சும்மா நடக்கப் போறேன். பசிக்கிறவங்க பின்னாடி வாங்க!"

"வீடு அலங்கோலமா கிடக்கு..." என்றேன்.

"உன் கிளினிக்கை விடவா?"

நான் குறுக்குச் சந்தில் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதை யாராவது பார்த்திருந்தால் கன்றுக்குட்டி தப்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காலையில் அணைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். கதவைத் திறந்துவைத்து, வாசற்படியில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி கோதுமை கொடுத்தேன், அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்து இடித்தது. போலந்துக்காரர் மூன்று கரண்டி வாங்கினார். குழம்பில் போட நூடுல்ஸ் வேகவைக்க ஹங்கேரிக்காரர்கள் என் சமையலறையைக் கைப்பற்றி, மிளகாய்த்தூள் போதாது என்று என்னையே திட்டினார்கள். ஜன்னல் திண்டில் ஆள் உட்கார்ந்தது. ஸ்மில்யாவின் நல்ல தட்டுகள் போதாமல் கிளினிக்கிலிருந்து எஃகுக் கிண்ணங்களைக் கொண்டுவந்தோம். 'கழுவினதுதானே?' என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் மருத்துவர்கள்.

மெட்கா மட்டும் வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, உள்ள வரும்போது என்ன சொல்லணும்? எனக்குத் தெரியாது."

"'ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே'ன்னு சொல்லணும்."

சொன்னாள், திக்கித் திக்கி. அந்த வார்த்தையால் என்னை யாரும் கூப்பிட்டு வருடக்கணக்காகிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் கைக்கு முத்தமிட்டேன். எங்கள் பக்கம் கிழவர்கள் இதைச் செய்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டுச் சத்தம் தெருவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஓபராத் வந்து நின்றான், தன் வீட்டு விருந்தாளிகளில் பாதிப் பேரையும், ஒரு சீசா ராகியா சாராயத்தையும் இழுத்துக்கொண்டு. தன் ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன் வெளியே வரக் கூடாது. அவனும் வழக்கத்தை உடைத்துத்தான் வந்திருந்தான்.

"நீ வைக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"சொல்றது வழக்கமாடா?"

அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். போர்ச்சுகல்காரர் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்து எங்கள் இருவர் முதுகிலும் தட்டிக்கொடுத்தார்.

மார்ச்சில் குழு கூடியது. நிகழ்ச்சி நிரலின் முதல் விஷயம், மாநாட்டில் நடந்த தவறுகள். மெட்கா ராஜினாமாவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன். அவளால் எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல நினைத்தேன். பல வருடங்களாகக் கூட்டத்தில் குறை மட்டுமே சொல்லிப் பழகிய வாய். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"தேதியை இனிமேலும் மெட்காவே குறிக்கட்டும். நன்றி மெட்கா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். யாரும் எதிர்க்கவில்லை. கோசாரா அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.

மெட்கா மூக்கைச் சிந்திவிட்டு, சுவர் நாட்காட்டியின் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை எங்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். எந்த நாளில் யாருக்கு முடியாது? ஒருத்தருக்கு மகள் கல்யாணம், ஒருத்தருக்குப் பண்ணைத் தடுப்பூசி. எல்லாவற்றையும் குறித்தாள். கடைசியில் பேனாவைத் திருப்பிப் பிடித்து அவளே சொன்னாள்:

"எனக்கு டிசம்பர் பத்தொன்பது முடியாது. அன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போகணும். யாரும் கூப்பிடல."

"எனக்கும் முடியாது" என்றாள் கோசாரா.

"எனக்கும்" என்றார்கள் மற்றவர்களும், மேசையைச் சுற்றி, ஒவ்வொருவராக. நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'கட்டாயம் வாங்க' என்று சொல்ல வாய் துடித்தது. வீட்டுக்காரன் அதைச் சொல்லக் கூடாது.